தலைவர் தலையாட்டிய இலக்கு

ஸைனுலாப்தீனுக்குக் கூட்டம் என்றால் உயிர். பள்ளிவாசல் கூட்டமாக இருக்கட்டும், சங்கக் கடைக் கூட்டமாக இருக்கட்டும், துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசைக் கதிரையில் போய் உட்கார்ந்துவிடுவார். யாராவது பேச எழும்பினால், அவர் பேச வேண்டியதை இவர் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். சுதந்திரம் கிடைத்த வருஷம் கிண்ணியாவில் கொடி ஏற்றியதை இளந்தாரி வயதில் பார்க்கப் போனவர், கொடிக்கயிற்றில் ஒரு கை வைக்காமல் திரும்பவில்லை என்று ஊரில் ஒரு கதை உண்டு. அப்படிப்பட்டவர் பயிர்ச்செய்கைக் குழுவின் தலைவரானதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. வேறு ஒருவரைத் தலைவராக்கியிருந்தாலும் தலைமை தாங்கியிருப்பவர் அவர்தான்.

ஊர் கிண்ணியாவிலிருந்து உள்ளே தள்ளி, குளத்து வாய்க்கால் வந்து களைத்துப்போகிற இடத்தில் இருந்தது. மேல்வயல்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மிச்சம் மீதி ஏதாவது இருந்தால்தான் இந்த ஊருக்குத் தண்ணீர். ஸைனுலாப்தீனின் காணி நடுவில் என்பதால் பாதிப் பயிராவது தேறும். அவருடைய தங்கை றுக்கியாவின் காணியோ எல்லாவற்றுக்கும் கடைசி. தண்ணீர் எட்டாத கடைக்காணிகள் இன்னும் சில இருந்தாலும், கடைக்காணி என்றாலே ஊரில் அவளுடைய காணிதான். மாரி மழையில் பச்சைப்பசேலென்று எழும்பும் பயிர், கதிர் கருக்கட்டி நெல் குடலையாகும் நேரம் பார்த்துத் தண்ணீர் கேட்கும். அப்போது மழை நின்றிருக்கும். வாய்க்காலோ அங்கே போவதே இல்லை. நிலம் வெடித்து, கதிர் மணி பிடிக்காமல் சாவியாகிப் போகும்.

றுக்கியாவின் புருஷன் காய்ச்சலில் மௌத்தாகிப்போன அன்று, மையித்தை அடக்கிவிட்டு வந்த கையோடு ஸைனுலாப்தீன் தங்கையிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். "நீ ஒண்டுக்கும் யோசிக்காத. உன்ட காணிக்குத் தண்ணி கொண்டு வாறது என்ட பொறுப்பு," என்றார். துக்க வீட்டில் வாயில் வந்ததைச் சொல்வது மனிதர் வழக்கம்தான். ஆனால் றுக்கியா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். மகளை மூதூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, அந்தக் காணியை நம்பித் தனியாக இருந்தாள். மருமகன் எத்தனையோ தரம் வந்து கூப்பிட்டான். "காக்கா தண்ணி கொண்டு வருவார். வந்தா எனக்கென்ன குறை?" என்று அண்ணனை நம்பிச் சொல்லி அனுப்பிவிட்டாள். இது காதில் விழும்போதெல்லாம் தலைவர் பேச்சை மாற்றிவிடுவார்.

ஐந்தாண்டுத் திட்டம் என்ற ஒன்று வந்தது அந்தக் காலத்தில்தான். நாடு எவ்வளவு நெல் விளைவிக்க வேண்டும், எவ்வளவு மிளகாய், எவ்வளவு மீன், எத்தனை பேருக்கு வேலை என்று கொழும்பில் எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். இனி அரிசிக்குப் பிற நாட்டிடம் கையேந்தக் கூடாது என்றார்கள். நல்ல பேச்சு, யாருக்குத்தான் கசக்கும்? இதை ஊருக்கு விளங்கப்படுத்த வந்தவர் தங்கரத்தினம் என்ற உத்தியோகத்தர். உப்புவெளிக்காரர், கச்சேரி என்ற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், அபிவிருத்திப் பகுதியில் வேலை. நேர்மையான மனிதர். முகத்தில் எப்போதும் பரீட்சைக்குப் போகிறவரின் கவலை இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார். "திட்டம் இனி மேலேயிருந்து வராது. கீழேயிருந்துதான் போகும். உங்கட இலக்கை நீங்களே சொல்ல வேணும்," என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "அப்ப சொல்லுங்கோ, வாற பெரும்போகம் ஏக்கருக்கு எத்தனை புசல் விளையும்?"

ஆட்டிக்கொண்டிருந்த தலைகள் அப்படியே நின்றன.

விளைச்சலைக் கேட்கும் முறை அந்தப் பக்கத்தில் அது அல்ல. ஒருவருடைய பிள்ளை எவ்வளவு சாப்பிடும் என்று முகத்துக்கு நேரே கேட்பதும், விளையப்போகிற நெல் எவ்வளவு என்று கேட்பதும் அங்கே ஒன்றுதான். களத்தில் குவித்த நெற்பொலியை அளக்கும்போதுகூட முதல் மரைக்காலுக்கு 'ஒன்று' என்று எண்ணமாட்டார்கள், இறைவனின் அருள் பெருகட்டும் என்று 'பறக்கத்' என்பார்கள். அளந்து முடிந்த பிறகும் மொத்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கண்ணூறு என்பது ஒரு பக்கம், கணக்குப் பார்த்தால் பறக்கத் போய்விடும் என்ற பயம் மறுபக்கம். யாராவது விடாப்பிடியாகக் கேட்டால் பாதியாகக் குறைத்துச் சொல்வார்கள். கேட்டவர் அதை மனதுக்குள் இரட்டிப்பாக்கிக்கொள்வார். சொன்னவருக்கும் பொய் சொன்ன பாவம் இல்லை, கேட்டவருக்கும் ஏமாந்த குறை இல்லை. இதை எழுதுகிறவனும் அந்தப் பக்கத்து ஆள்தான் என்பதால், இந்தக் கதையிலும் அந்தக் கணக்குகள் வராது. மன்னிக்க வேண்டும்.

தங்கரத்தினம் முதல் வரிசையைப் பார்த்தார். முதல் வரிசை ஸைனுலாப்தீனைப் பார்த்தது. எதிலும் முந்திக்கொள்ளும் மனிதர் அன்றைக்கு முதல்தடவையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அல்லாஹ் நாடினது வரும் ஐயா," என்றார்.

"அது சரி. அதை இங்க எழுத ஏலாதே தலைவர். ஒரு கணக்குச் சொல்லுங்கோ."

ஸைனுலாப்தீன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, வழக்கம்போலப் பாதியாகக் குறைத்து ஒரு கணக்கைச் சொன்னார். சொல்லும்போது குரலையும் பாதியாகக் குறைத்துக்கொண்டார். கூட்டத்துக்கு அப்பாடா என்று இருந்தது. நம் தலைவர் சமாளித்துவிட்டார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கரத்தினம் எழுதிக்கொண்டார். சம்பளத்தில் வளர்ந்த வீட்டுப் பிள்ளை, எழுதியதை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சில மாதம் போனது. திட்டத்தில் கிளை வாய்க்கால் வெட்டப்போகிறார்கள் என்ற செய்தி காற்றுவாக்கில் வந்தது. கூடவே இந்த ஊருக்கு இல்லை என்ற செய்தியும் வந்தது. இவ்வளவு சொற்பமாக விளையும் மண்ணுக்கு எதற்கு வாய்க்கால் என்று மேலே முடிவாகிவிட்டதாம். றுக்கியா அண்ணனின் வீட்டுக்கு வந்து, குசினி வாசலில் நின்றுகொண்டு, "கூட்டத்துல நீங்க என்ன காக்கா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஸைனுலாப்தீனுக்குச் சோறு இறங்கவில்லை. குறைத்துச் சொன்னால் குறையும் என்பது அவர் வாழ்நாளில் கேள்விப்படாத சங்கதி. நெல் சாவியாகும், மாடு மேயும், வெள்ளம் கொண்டுபோகும். வாயால் சொன்னதற்காக வாய்க்கால் போகுமா?

மறுநாளே கிண்ணியாத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, அக்கரையில் பஸ் பிடித்து, திருகோணமலைக் கச்சேரிக்குப் போனார். தங்கரத்தினம் அவரைக் கண்டதும் எழுந்து கதிரை கொடுத்தார். ஸைனுலாப்தீன் விஷயத்தைச் சொன்னார். எப்படியோ சுற்றிவளைத்து, அன்றைக்குச் சொன்னது சொன்னதல்ல என்று விளங்கப்படுத்தினார். தங்கரத்தினத்தின் முகம் போன போக்கைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

"அப்ப சரியான கணக்கைச் சொல்லுங்கோ, மாத்திவிடுறன்."

ஸைனுலாப்தீன் வாயைத் திறந்தார், மூடினார். தங்கை கண் முன்னால் நின்றாள். வெடித்த வயல் கண் முன்னால் கிடந்தது. ஆனாலும் விளையாத நெல்லுக்குக் கணக்குச் சொல்ல அந்த வாய் பழகவில்லை.

"எனக்குச் சொல்ல ஏலாது ஐயா. நீங்க சொல்லுங்க, நான் தலையாட்டுறன்."

தங்கரத்தினம் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு காகிதக் கோவையை எடுத்தார். நாட்டுக்கு இவ்வளவு இலக்கு, அதில் மாவட்டத்துக்கு இவ்வளவு, அதில் பிரிவுக்கு இவ்வளவு என்று வகுத்து வகுத்துக்கொண்டு வந்து, "உங்கட ஊரின்ர பங்கு இது. இதைப் போட்டால் வாய்க்கால் வரும்," என்று ஒரு கணக்கைச் சொன்னார்.

அந்தக் கணக்கு ஸைனுலாப்தீனின் காதில் விழுந்ததும் அவர் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தார். அந்த மண்ணில் வாப்பா காலத்திலும் அவ்வளவு விளைந்ததில்லை. அவருடைய கனவில்கூட விளைந்ததில்லை.

"ஐயா, இலக்கு கீழேயிருந்து மேல போகுது எண்டீங்க. இது மேலேயிருந்து கீழ வாற மாதிரித் தெரியுதே?"

"ரெண்டும்தான் தலைவர். கீழேயிருந்தும் போகும், மேலேயிருந்தும் வரும். நடுவில சந்திக்கும்."

"எங்க சந்திக்கும்?"

தங்கரத்தினம் தன் மேசையைப் பார்த்தார். "இங்கதான்," என்றார். அவருக்கும் அது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஸைனுலாப்தீன் தலையாட்டினார். கண்ணை மூடிக்கொண்டுதான் ஆட்டினார். வீட்டுக்கு வந்து மனைவி நஜ்முன் நிஸாவிடம், "நான் வாயால ஒண்டும் சொல்லல்ல," என்றார். "தலையாட்டினா சொன்ன மாதிரித்தானே," என்று அவள் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டுச் சுளகை எடுத்துக்கொண்டு போனாள்.

வாய்க்கால் வந்தது. வந்தது என்றால் பாதி வந்தது. முதல் பாதி போகத்துக்கு முன்னால் வெட்டுவார்கள், மறுபாதி இலக்கை அடைந்த பிறகு வெட்டுவார்கள் என்று திட்டம். முதல் பாதி ஸைனுலாப்தீனின் வரம்போடு நின்றது. வெட்டிய மண்ணின் ஈரம் காயுமுன் றுக்கியா வந்து அதன் முனையில் நின்று, தன் காணிவரை பார்வையால் அளந்தாள். கூப்பிடு தூரம்தான். "இன்னும் ஒரு போகம்தானே காக்கா," என்றாள். அவள் சிரித்து ஊரார் பார்த்தது எத்தனையோ காலத்துக்குப் பிறகு அன்றுதான்.

அந்த மாரி வஞ்சகம் செய்யவில்லை. மழை நின்ற பிறகு வாய்க்கால் கைகொடுத்தது. நெல் கதிர் தள்ளித் தலைசாய்ந்து நின்றதைப் பார்க்க மூதூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். கடைக்காணி மட்டும் வழக்கம்போல வெடித்துப்போயிற்று. றுக்கியா அதைப்பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தன் வயலை விட்டுவிட்டு அண்ணனின் வயலில் கிளி விரட்டினாள். இந்த வயல் நன்றாக விளைந்தால்தானே தன் வயலுக்குத் தண்ணீர்.

கதிரறுத்துச் சூடு அடித்தார்கள். பொலி குவிந்தது. ஸைனுலாப்தீன் ஒரு பக்கத்தில் நின்று பார்த்தால் மறுபக்கத்தில் நிற்பவரின் தலைப்பாகை மட்டும்தான் தெரிந்தது. அளக்கிறவர் 'பறக்கத்' என்று தொடங்கினார்.

அந்நேரம் பார்த்துத் தங்கரத்தினத்தின் ஜீப் வந்து நின்றது. நல்ல மனிதர், நல்ல செய்தியை எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தார். ஓரமாக நின்று அளந்து முடியும்வரை பொறுத்தார். எல்லாக் களமும் முடிய மாலையாகிவிட்டது. பிறகு, "தலைவர், மொத்தம் எவ்வளவு?" என்றார்.

கூலிக்காரர்கள் கையிலிருந்த சாக்கோடு அப்படியே நின்றார்கள். ஸைனுலாப்தீன் பொலியைப் பார்த்தார். களத்தோரத்தில் நின்ற றுக்கியாவைப் பார்த்தார். குறைத்துச் சொல்லி ஒரு வாய்க்காலை இழந்த மனிதர் அவர். இந்தத் தடவை குறைக்கக்கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல், உரத்துச் சொன்னார். களத்தில் இருந்த கிழவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். சொல்லி முடித்ததும் ஸைனுலாப்தீன் கண்ணூறு பட்டுவிடக் கூடாதே என்று முணுமுணுத்துக்கொண்டார். ஆனாலும் உள்ளூர ஒரு பெருமை. அந்த மண் அவ்வளவு தந்ததாகச் சரித்திரமே இல்லை.

தங்கரத்தினம் எழுதினார். எழுதியதைப் பக்கத்திலிருந்த கணக்கோடு ஒத்துப் பார்த்தார். முகம் வாடியது.

"குறைவாப் போச்சுது தலைவர்."

"எது குறைவு?"

"இலக்கில அரைவாசிக்குக் கொஞ்சம் மேலதான் வந்திருக்கு."

ஸைனுலாப்தீன் பொலியைத் திரும்பிப் பார்த்தார். முழி பிதுங்கியது. "ஐயா, இந்தப் பொலியைப் பாருங்க. இதையா குறைவு எண்டுறீங்க?"

"பொலி நல்ல பொலிதான். இலக்குத்தான் பெரிசு. கடைக்காணிகளையும் சேர்த்துத்தானே ஊரின்ர ஏக்கர் கணக்கு. அங்க ஒண்டும் விளையேல்லை."

"அங்க தண்ணி போகல்லயே ஐயா."

"ஓம். இலக்கை அடைஞ்சால்தான் மறுபாதி வாய்க்கால்."

"வாய்க்கால் வந்தாத்தானே இலக்கை அடையலாம்."

தங்கரத்தினம் பேனாவை மூடினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு பேருக்கும் வழி தவறிப்போன முகம். "நான் எழுதிப் பாக்கிறன். எனக்கு மேலயும் ஆட்கள் இருக்கினம்," என்றார் தங்கரத்தினம். எழுதியும் பார்த்தார். இலக்கை அடையாத ஊருக்கு இரண்டாம் கட்டம் இல்லை என்று பதில் வந்தது.

ஸைனுலாப்தீன் அதைச் சொல்லத் தங்கையின் வீட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனார். றுக்கியா பாய் விரித்து உட்காரச் சொன்னாள்.

"நம்மட வயல் நல்லா விளைஞ்சதுதானே காக்கா?"

"ஓம். இப்படி ஒருநாளும் விளைஞ்சதில்ல."

"அப்ப ஏன் தண்ணி வராது?"

ஸைனுலாப்தீன் விளங்கப்படுத்தத் தொடங்கினார். நாட்டின் இலக்கு, மாவட்டத்தின் பங்கு, ஊரின் பங்கு என்று வலது கையால் மேலேயிருந்து கீழே காட்டினார். பிறகு இடது கையால் கீழேயிருந்து மேலே காட்டினார். இரண்டு கையும் நடுவில் வந்து நின்றன. அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்கு விளங்கல்ல றுக்கியா," என்றார். கூட்டங்களில் எல்லாம் விளங்கின மனிதர் அதைச் சொன்னபோது அவருக்கே அவமானமாக இருந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்க ஏலாமல் தரையைப் பார்த்துக்கொண்டு அழுதார். அவள் அவரைக் குறை சொல்லவில்லை. அடுத்த வாரம் மருமகன் வண்டியோடு வந்தான். றுக்கியா காணியை மாட்டுக்காரர்களுக்கு மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு, பானை சட்டிகளை ஏற்றிக்கொண்டு மூதூருக்குப் போய்விட்டாள். அவளைப் பார்த்து மற்றக் கடைக்காணிக்காரர்களும் வயலைத் தரிசாக விட்டார்கள்.

மறுவருஷப் பெரும்போகம் வந்தது. விதைக்காத காணிக்கு இலக்கு இல்லை என்று கடைக்காணிகளைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டார்கள். மாவட்டத்தின் பங்கைச் சரிக்கட்ட எங்கோ குறைத்தார்கள், வேறெங்கோ கூட்டினார்கள். எப்படியோ ஊரின் இலக்குச் சுருங்கிப் பாதியானது. விளைச்சல் முந்திய போகத்தைவிடக் கொஞ்சம் மட்டம்தான். ஆனாலும் இலக்கைத் தாண்டிவிட்டது.

ஜீப்பில் தங்கரத்தினம் சிரித்துக்கொண்டு வந்தார். கூட்டம் வைத்தார்கள். தலைவருக்கு மாலை போட்டார்கள். முன்மாதிரிக் கிராமம் என்றார்கள். ஸைனுலாப்தீன் முன்வரிசைக் கதிரையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். போன வருஷம் மலைபோல் விளைந்தபோது குறைவு என்றவர்கள், இந்த வருஷம் குறைவாக விளைந்ததைக் கூடுதல் என்கிறார்கள். எந்த நெல் கூடுதல், எந்த நெல் குறைவு என்று யோசித்து யோசித்து அவருக்குத் தலை வலித்தது. பேச எழும்பச் சொன்னார்கள். எழும்பினார். "எல்லாருக்கும் நன்றி," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஊர் மூக்கில் விரலை வைத்தது.

இலக்கை அடைந்த ஊருக்கு இரண்டாம் கட்டம் உண்டு. மறுபாதி வாய்க்காலையும் வெட்டினார்கள். தண்ணீர் ஸைனுலாப்தீனின் வரம்பைத் தாண்டி, கூப்பிடு தூரத்தையும் தாண்டி, றுக்கியாவின் காணியில் போய் விழுந்தது. மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் வந்து படுத்துக்கொண்டன.

அவர் அன்றைக்கே மூதூருக்குப் புறப்பட்டார். துறை துறையாகக் கடந்து போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. றுக்கியா மகளின் வீட்டு முற்றத்தில் பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, "என்ன காக்கா, சொல்லாமக் கொள்ளாம?" என்றாள்.

"உன்ட காணிக்குத் தண்ணி வந்திட்டு," என்றார் ஸைனுலாப்தீன். சொல்லும்போது குரல் உடைந்தது. வாக்கைக் காப்பாற்றிய சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

றுக்கியா பேரப்பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"நல்லம் காக்கா," என்றாள். "ஆருக்கு?"

"நாட்டுக்கு எண்டுதான் சொல்றாங்க," என்றார் அவர். அது சரியான பதில்தானா என்று அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.